குடிநோய் சிகிச்சையில் உங்கள் முதல் ஆய்வு: நெறிமுறைக் குழுவிலிருந்து பின்தொடர்தல் வரை

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மனநல மருத்துவ முதுநிலைப் படிப்பில் இருந்தபோது, போதை மீட்பு வார்டில் சேரும் குடிநோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு நான்கு அமர்வு ஆலோசனையும் தந்தால், அவர்கள் வீடு திரும்பிய பிறகு மறுபடி குடிக்கத் தொடங்குவது தள்ளிப்போகிறதா என்று பார்க்க ஓர் ஆய்வைத் தொடங்கினேன். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த மறுநாளே நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். பதினொரு பேரைச் சேர்த்த பிறகுதான், சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவப் பரிசோதனைகள் பதிவகத்தின் பதிவு எண் வருவதற்கு முன்பு ஒருவரைக்கூடச் சேர்த்திருக்கக் கூடாது என்பது தெரிந்தது. அந்தப் பதினொரு பேரின் தரவும் கணக்கில் சேரவில்லை. மூன்று மாத உழைப்பு வீணானது. எங்கள் துறையில் இதை எனக்கு முன்கூட்டிச் சொல்ல யாரும் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

மனநல மருத்துவம், மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி, செவிலியம் ஆகிய படிப்புகளில் ஆய்வேட்டுக்காக முதன்முறையாகக் குடிநோயாளிகளிடையே சிகிச்சை ஆய்வு செய்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி. மருந்து நிறுவனம் பணம் போட்டு நடத்தும் ஆய்வுகளுக்கான விதிகள் வேறு.

1. முதலில் வார்டுப் பதிவேட்டை எண்ணுங்கள்

ஆய்வுத் திட்டத்தை எழுத உட்காரும் முன், கடந்த மூன்று மாத வார்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒரு நாள் செலவிடுங்கள். மாதம் நாற்பது பேர் சேர்கிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை சேர்ந்தவர்கள், ஈரல் செயலிழப்போடு பொது மருத்துவத்துக்கு மாற்றப்பட்டவர்கள், தலைக்காயம் உள்ளவர்கள், நான்காம் நாளே வீட்டுக்குப் போக வேண்டும் என்று கையெழுத்திட்டுப் போனவர்கள், மூன்று மாதம் பின்தொடர முடியாத வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோரைக் கழித்தால் எங்கள் வார்டில் மிஞ்சியது மாதம் பன்னிரண்டு பேர். உங்கள் மாதிரி அளவு இந்த எண்ணிலிருந்துதான் வர வேண்டும்.

கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களைச் சேர்த்து, மருத்துவப் பின்னணி இல்லாத ஆலோசகர்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வை உங்கள் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் முன்மாதிரியாகக் காட்டுவார். கட்டாயம் படியுங்கள், ஆலோசனையை எப்படி எளிமையாகக் கட்டமைப்பது என்பதற்கு நல்ல பாடம் அது. ஆனால் அதன் பின்னால் நிதியும் பெரிய குழுவும் இருந்தன என்பதையும், நீங்கள் இரவுப் பணி முடித்துவிட்டு வந்து படிவம் நிரப்பப் போகும் ஒற்றை ஆள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு ‘சிகிச்சை இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். மது நிறுத்தத்தால் வரும் வலிப்பும் மனக்குழப்பமும் உயிரையே எடுக்கக் கூடியவை என்பதால், இரு குழுவினருக்கும் வழக்கமான சிகிச்சை முழுமையாகக் கிடைக்க வேண்டும். உங்கள் புதிய முறை அதற்கு மேல்தான் வர வேண்டும். டோபிராமேட் போல வேறு நோய்க்கு அனுமதி பெற்ற மருந்தைக் குடிநோய்க்குப் பரிசோதிப்பதானால், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளில் ‘கல்விசார் ஆய்வு’ என்ற பிரிவை வழிகாட்டியோடு உட்கார்ந்து படியுங்கள். முதல் ஆய்வு என்றால் ஆலோசனை சார்ந்ததை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

2. நெறிமுறைக் குழுவுக்கான கட்டு

எங்கள் கல்லூரியில் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்ப ஆவணக் கட்டு போய்ச் சேர வேண்டும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் இரண்டு மாதம் போயிற்று. ஆகவே கூட்டத் தேதியை முதலில் கேட்டுக்கொண்டு பின்னோக்கித் திட்டமிடுங்கள். குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால், தேர்வுக் காலத்திலும் பண்டிகை வாரத்திலும் கூட்டம் தள்ளிப்போவது சகஜம்.

கட்டில் இருக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், ஒப்புதல் படிவம், தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு வேறொருவர் பெயர்த்த பிரதி, பயன்படுத்தும் எல்லா வினாப்படிவங்களும், அவற்றில் அனுமதி தேவைப்படுபவற்றுக்கான அனுமதிக் கடிதம், செலவுக் கணக்கு, உங்களுடையதும் வழிகாட்டியுடையதுமான தன்விவரக் குறிப்பு, நல்மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழ். இந்தச் சான்றிதழ்தான் பலருக்கும் கடைசி நேரத்தில் இடிக்கும். வழிகாட்டியின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கிறதா என்று முதல் நாளே தயங்காமல் கேட்டுவிடுங்கள். முதுநிலை மருத்துவ மாணவர்கள் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் இணையவழி ஆய்வுமுறைப் படிப்பையும் முடிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்ப முடியாது.

குடிநோயாளிகள் ஆய்வில் எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களாகக் கருதப்படுவார்கள். ஆகவே ‘வெறும் ஆலோசனைதானே’ என்று சொல்லி விரைவுப் பரிசீலனை கேட்டு விண்ணப்பிக்காதீர்கள். குழு அதை முழுக் கூட்டத்துக்கே அனுப்பும், இடையில் ஒரு மாதம் வீணாகும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மன நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அதன் 99ஆம் பிரிவு, நேர்காணல் மட்டுமே செய்யும் ஆய்வுக்கும் நோயாளியின் சுதந்திரமான ஒப்புதல் வேண்டும் என்கிறது. சுயமாக ஒப்புதல் தர இயலாதவரைச் சேர்ப்பதானால் மாநில மனநல ஆணையத்தின் அனுமதியும் தேவைப்படும். மாணவர் ஆய்வில் அந்த வழிக்கே போக வேண்டாம். ஒப்புதல் தரும் திறன் உள்ளவர்களை மட்டுமே சேர்ப்பேன் என்று திட்டத்தில் தெளிவாக எழுதுங்கள்.

3. ஒப்புதல்: யாரிடம், எந்த நாளில், எந்தத் தமிழில்

என் அனுபவத்தில் அதிக நேரம் தின்றதும், இப்போது திரும்பிப் பார்க்கையில் அதிக நேரம் தந்திருக்க வேண்டியதும் இந்தப் பகுதிதான்.

வார்டில் சேர்ந்த இரண்டாம் நாள் காலையில் ஒருவரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன், தலையாட்டினார், கையெழுத்திட்டார். மறுநாள் மாலை கட்டிலருகே போனபோது, “நீங்க யாரு? கரண்ட் ஆபீஸா?” என்று கேட்டார். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளுக்கும் நான்காவது நாளுக்கும் இடையில் மனக்குழப்பம் உச்சத்துக்குப் போகலாம். அந்த நாட்களில் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. மது நிறுத்த அறிகுறிகளை அளக்கும் ‘சீவா’ அளவுகோலில் மதிப்பெண் எட்டுக்குக் கீழே இறங்கி, நாள், இடம், ஆள் ஆகியவற்றைச் சரியாகச் சொல்பவரிடம் மட்டுமே, அதுவும் ஐந்தாம் நாளுக்குப் பிறகே ஒப்புதல் கேட்பது என்று திட்டத்தைத் திருத்தினேன். தகவல் தாளில் உள்ள மூன்று விஷயங்களை அவர் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். குழு இதை வரவேற்றது.

அடுத்தது, யார் கேட்பது என்ற கேள்வி. மாத்திரை எழுதும் மருத்துவரே வந்து “ஆய்வில் சேர்கிறீர்களா” என்று கேட்டால், மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்ற பயத்திலேயே பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். முடிந்தால் வார்டின் சமூகப்பணியாளரைக் கேட்கச் சொல்லுங்கள். மனைவியோ அண்ணனோ “நாங்க சொல்றோம் சார், சேத்துக்குங்க” என்று முன்வந்து கையெழுத்திடுவது நோயாளியின் ஒப்புதலுக்கு மாற்றாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டோடு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். வார்டுச் செவிலியர் ஆய்வுக் குழுவில் இருந்தால் அவர் சாட்சியாக முடியாது.

தமிழ்ப் பிரதியை மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்தேன். ‘சீரற்ற ஒதுக்கீட்டின் வாயிலாகப் பங்கேற்பாளர்கள் இரு தொகுதிகளுள் ஒன்றில் வைக்கப்படுவர்’ என்று வந்தது. குழுவில் இருந்த பொதுமக்கள் பிரதிநிதி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இதை வாசித்துவிட்டு, சீர்கெட்டவர்களைத்தான் சேர்ப்பீர்களா என்று கேட்டார். நானே உட்கார்ந்து ‘சீட்டுக் குலுக்கிப் போட்டு, நீங்கள் எந்தக் குழு என்று முடிவு செய்வோம், நாங்களோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது’ என்று மாற்றினேன். அதன் பிறகும் ஒருவர், “குலுக்கல்ல எனக்கு எப்பவும் விழாது சார்” என்றார். அவருக்குப் பரிசு எதுவும் இல்லை என்பதையும், இரண்டில் எது மேல் என்று எங்களுக்கே தெரியாததால்தான் ஆய்வு செய்கிறோம் என்பதையும் மறுபடி விளக்க வேண்டியிருந்தது. அந்த வாக்கியமும் தகவல் தாளில் ஏறியது. வார்டில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் வரைவைப் படித்துக் காட்டுவதற்கு ஈடான சோதனை வேறில்லை.

இன்னொரு பொறியும் இங்கே உண்டு. நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் ‘குடி நிறுத்தும் மருந்தை’ வீட்டார் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் அது டைசல்ஃபிராமாக இருக்கும். அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் ஆய்வின் முடிவையும் அது கெடுக்கும். குடும்பத்தாரிடம் தனியாக, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேளுங்கள். ஆம் என்றால், அதை நிறுத்தச் சொல்லி, நோயாளியிடம் உண்மையைச் சொல்ல உதவுவதே முதல் வேலை. ஆய்வில் சேர்ப்பது பிறகு.

4. சிடிஆர்ஐ பதிவு: எண் வரும்வரை காத்திருங்கள்

இந்திய மருத்துவப் பரிசோதனைகள் பதிவகமே சிடிஆர்ஐ. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்டு ‘பதிந்து தருகிறோம்’ என்பவர்களிடம் போக வேண்டாம். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் விண்ணப்பிக்கும் ஆய்வுகளை மட்டுமே அது பதிகிறது. மாணவர் ஆய்வேடு என்பதால் விலக்கு இல்லை.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இல்லாமல் பதிவு முடியாது. அந்தக் கடிதத்தில் உள்ள தலைப்பும் படிவத்தில் நீங்கள் தட்டச்சிடும் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். என்னுடையதில் ஒரு சொல் மாறியிருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. நோய்க்குறியீடாக மதுவுக்கு எஃப் 10 வரும். முதன்மை விளைவு, அதாவது ஆய்வு முக்கியமாக அளக்கும் மாற்றம், ஒன்றே ஒன்றாக, எந்த நாளில் அளக்கப்படும் என்பதோடு இருக்க வேண்டும். ‘குடிப்பழக்கத்தில் முன்னேற்றம்’ என்று எழுதினால் கேள்வி வரும், ‘90ஆம் நாள் வரையிலான காலத்தில் அதிகம் குடித்த நாட்களின் விழுக்காடு’ என்று எழுதினால் வராது. குலுக்கல் வரிசையை உருவாக்கும் முறை, அடுத்தவர் எந்தக் குழு என்பது சேர்ப்பவருக்குத் தெரியாதபடி அதை மறைத்து வைக்கும் முறை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் குழப்பிக்கொள்வது மிகப் பொதுவான தவறு.

முதல் நோயாளியைச் சேர்க்கும் உத்தேசத் தேதியை இரண்டு மாதம் தள்ளியே போடுங்கள். நான் இரண்டு வாரத்தில் என்று போட்டேன். அவர்கள் கேள்வி அனுப்பி, நான் பதிலளித்து, மறுபடி கேள்வி வருவதற்குள் அந்தத் தேதி கடந்துவிட்டது. திரும்ப விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. மொத்தம் ஐந்து வாரம் ஆனது. விண்ணப்பித்தவுடன் ஓர் எண் கிடைக்கும். அது தற்காலிகக் குறிப்பெண்தான். ‘சிடிஆர்ஐ’ என்று தொடங்கி ஆண்டும் மாதமும் வரும் எண்தான் பதிவு எண். என் பதினொரு பேர் வீணானது அந்த எண்ணுக்குக் காத்திருக்காததால்தான்.

பதிந்த பிறகு திட்டத்தில் எதை மாற்றினாலும் முதலில் நெறிமுறைக் குழு, பிறகு பதிவகம் என்ற வரிசையில் செல்லுங்கள். பழைய விவரம் அழியாமல் அங்கே நிற்கும் என்பதால், தரவைப் பார்த்துவிட்டு முதன்மை விளைவை மாற்றலாம் என்ற ஆசை வேண்டாம்.

5. குவார்ட்டரை அளவாக மாற்றுங்கள்

குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ படிவத்தில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எட்டும் அதற்கு மேலும் வந்தால் கவலைக்குரிய குடி, இருபதைத் தொட்டால் சார்புநிலை இருக்கக்கூடும். கேள்வியெல்லாம் ‘டிரிங்க்’ கணக்கில் வரும். வார்டில் யாரும் அந்தக் கணக்கில் பேசுவதில்லை. “ஒரு கட்டிங்தான் சார்” என்பார்கள். கட்டிங் என்றால் 90 மில்லி, 42.8 விழுக்காடு சாராயச் சத்துள்ள பிராந்தியில் 30 மில்லிக்கு ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால், அதாவது ஒரு ‘டிரிங்க்’, ஓர் அளவு. ஆக, கட்டிங் மூன்று அளவு. 180 மில்லி குவார்ட்டர் ஆறு அளவு. ‘ஒரே வேளையில் ஆறு அல்லது அதற்கு மேல்’ என்ற மூன்றாவது கேள்வி, தமிழ்நாட்டு வார்டில் ‘ஒரே வேளையில் குவார்ட்டர் அடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்பதுதான். 650 மில்லி பீர் பாட்டில், 8 விழுக்காடு உள்ளது என்றால் ஏறத்தாழ நான்கு அளவு. பீரை மதுவாகவே கணக்கில் எடுக்காதவர்கள் நிறையப் பேர் என்பதால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். காலிப் பாட்டில்களையும் கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் டம்ளரையும் மேசையில் வைத்துக் காட்டிக் கேட்டபோது விடைகள் மாறின.

‘ஆடிட்’ படிவத்தின் பல கேள்விகள் கடந்த ஓராண்டைப் பற்றியவை. அதையே ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டால் மதிப்பெண் பெரிதாக நகராது. சிகிச்சை பலிக்கவில்லை என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள். சேர்க்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். விளைவை அளக்க நாட்காட்டி முறையே பொருத்தம். தினசரி நாட்காட்டியை விரித்து, சனிக்கிழமைக் கூலி, ஊர்த் திருவிழா, துக்க வீடு, காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் போன்ற கடை மூடும் நாட்கள் ஆகியவற்றை முதலில் குறித்துவிட்டு, அவற்றிலிருந்து முன்னும் பின்னும் நகர்ந்து கேட்டால் 90 நாள் கணக்கை நாற்பது நிமிடத்தில் எடுக்கலாம். கடை மூடிய நாளிலும் குடித்திருப்பார்கள்; எங்கே வாங்கினார்கள் என்று கேட்க வேண்டாம். கஞ்சா முதலியவற்றையும் சேர்த்து ஆராய்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்: ஆய்வுக்குத் தேவையில்லாத, ஆனால் அவரைச் சிக்கலில் மாட்டக் கூடிய எதையும் எழுதி வைக்காதீர்கள்.

6. உறைகள்

குலுக்கல் வரிசையைக் கணினியில் உருவாக்கும் வேலையை ஆய்வில் இல்லாத ஒருவரிடம் விடுங்கள். வரிசை எண் இட்டு ஒட்டிய உறைகளில் குழுவின் பெயரை வைப்பது செலவு குறைந்த முறை. கடையில் வாங்கிய பழுப்பு உறையைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே இருப்பது தெரிகிறது என்பதைப் பயிற்சி மருத்துவர் ஒருவர்தான் எனக்குக் காட்டினார். அன்றே எல்லா உறைகளிலும் அலுமினியத் தாளை மடித்து வைத்தேன்.

ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு குழுவினரும் படுத்திருந்தால், ஆலோசனையில் கொடுத்த கையேடு மாலைக்குள் எல்லாக் கட்டிலுக்கும் போய்விடும். அமர்வுகளைத் தனி அறையில் வையுங்கள். கையேட்டை வீடு திரும்பும் நாளில் கொடுங்கள்.

7. பின்தொடர்தல்: ஆய்வு உயிர்பிழைக்கும் இடம்

மூன்று கைப்பேசி எண்கள் வாங்குங்கள்: அவருடையது, வீட்டில் ஒருவருடையது, அவர் நம்பும் வெளியாள் ஒருவருடையது. ஒவ்வொன்றிலும் வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லலாம் என்பதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துறையின் பெயரைச் சொல்லி அழைத்ததால், எங்கள் நோயாளி ஒருவர் இங்கே சிகிச்சை பெற்றது அவருடைய முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் என் பெயரை மட்டும் சொல்லி, பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிடுவேன்.

பயணச் செலவைப் பணமாகக் கொடுத்தால் அது நேரே கடைக்குப் போகாதா என்று குழுவில் கேட்டார்கள். பங்கேற்பாளர் கையிலிருந்து செலவழிக்கக் கூடாது என்பதே நெறி. அவர் குடிநோயாளி என்பதால் அந்த உரிமை போய்விடாது. பேருந்துச் சீட்டைக் காட்டினால் அதற்குரிய தொகையும் மதியச் சாப்பாடும் தருவது என்று முடிவானது. சராசரியாக வருகைக்கு 150 ரூபாய். அறுபது பேர், மூன்று வருகை என்று 27,000 ரூபாய். மொழிபெயர்ப்பு, நகல், உறைகள், தொலைபேசி ஆகியவற்றுக்கு இன்னொரு 9,000. எல்லாம் என் உதவித்தொகையிலிருந்து போனது. நீங்களாவது கல்லூரி ஆய்வு நிதிக்கு, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் எழுதிப் போடுங்கள்.

வராமல் போனவர்களை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். திரும்பிவராதவர் பெரும்பாலும் குடித்துக்கொண்டிருக்கிறார் என்பதால், அவர்களை விட்டுவிட்டு வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சிகிச்சையும் அற்புதமாகத் தெரியும்.

பின்தொடரும் காலத்தில் எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் அது கடுமையான பாதக நிகழ்வு; குடித்து மறுபடி வார்டில் சேர்வதும் அதில் அடங்கும். தெரிந்த 24 மணி நேரத்துக்குள் நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், விரிவான அறிக்கை 14 நாளுக்குள் போக வேண்டும். ‘இது எதிர்பார்த்ததுதானே’ என்று நான் முதல் இரண்டைத் தெரிவிக்காமல் விட்டதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். தொலைபேசியில் ஒருவர் சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் என்ன செய்வது என்பதையும், யார் பேசுவார், எந்த வார்டில் சேர்ப்பது என்ற அளவுக்கு, முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். தகவல் தாளின் அடியில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446 இரண்டையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

8. காகிதங்கள்

வினாப்படிவத்தில் பெயரோ உள்நோயாளி எண்ணோ வேண்டாம். ஆய்வுக் குறியெண் மட்டும் போதும். பெயரையும் குறியெண்ணையும் இணைக்கும் பட்டியல், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் ஆகியவை ஒரு பூட்டிய அலமாரியில், வினாப்படிவங்கள் வேறொன்றில். ஆண்டுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கையும், முடிந்தபின் இறுதி அறிக்கையும் குழுவுக்குப் போக வேண்டும். பதிவகத்தில் ஆய்வு முடிந்ததையும் குறிக்க வேண்டும். படிப்பு முடிந்து கிளம்பும் முன், அலமாரியில் உள்ளவற்றின் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, சாவியை வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். நான் வெறும் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றரை ஆண்டு கழித்துத் தணிக்கைக்காக 34ஆம் எண் ஒப்புதல் படிவத்தைக் கேட்டபோது, விடுப்பு எடுத்து, இரவுப் பேருந்து ஏறிப் போய் நானே தேட வேண்டியிருந்தது. அது 43க்குப் பின்னால் இருந்தது.